உப்புக் காற்றும் ஒரு முழக் குழாயும்

மட்டக்களப்போடு இருப்புப்பாதை முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் போக வேண்டியவர்கள் கடலோரப் பெருவீதியையே நம்பியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து கல்முனைக்கு நேரே செல்லும் இரவு பஸ்கள் பல உண்டு. எனினும் இரவு ரயிலிலே வந்து, விடியற்பொழுதில் மட்டக்களப்பிலே இறங்கி, அங்கிருந்து பகல் வெளிச்சத்தில் தெற்கு நோக்கிப் போவதில் எனக்கு ஒரு தனிப் பிரியம். 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட கல்லடிப் பழைய பாலம் தன் இரும்புக் கூட்டோடு ஒதுங்கி நிற்க, 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மேல் வாகனங்கள் விரைகின்றன. பாலத்தைத் தாண்டினால் ஒரு கையில் கடல், மறுகையில் வாவி, நடுவே தென்னையும் வீடுகளுமாக ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு.

காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்து போகின்றன. கோட்டைக்கல்லாறும் பெரியகல்லாறும் கடந்தபின் பெரியநீலாவணை. அதன்பின் தறிச் சத்தத்துக்குப் பேர்போன மருதமுனை. இங்கே நெய்யப்படும் சாரனையும் சேலையையும் அறியாத கிழக்கிலங்கை வீடு அருமை. மருதமுனைக்குத் தெற்கே பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று ஊர்கள் ஒன்றோடொன்று தோள் உரசிக் கொண்டு நிற்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்பது அவ்வூரவர்க்குத்தான் தெரியும். வெளியூரார் கடைப் பலகைகளைப் படித்தே அறிய வேண்டும்.

இத்தனை ஊர்களுக்கும் முதுகெலும்பு அந்த ஒரே வீதிதான். பொத்துவில் பஸ்ஸும், நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரமும், மீன் பெட்டி கட்டிய சைக்கிளும், முச்சக்கர வண்டியும், ஓதப் போகும் பிள்ளைகளும், எவரையும் பொருட்படுத்தாத மாடுகளும் அதிலேதான் போகவேண்டும். அஸர்த் தொழுகை முடிந்த வேளையிலே கல்முனைக்குடிக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையே மோட்டார் சைக்கிளிற் செல்பவனுக்கு வேண்டுவது வேகமன்று, நல்ல பிரேக். இதை நான் கேள்வியால் அறிந்தவனல்லன். எனது தந்தையாரின் பழைய மோட்டார் சைக்கிளிலே ஏறி, ஒரு நொடியிலே கற்றுக்கொண்டேன்.

அந்த வண்டியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அது 1975ஆம் ஆண்டிலே ஜப்பானிற் செய்யப்பட்ட ஹொண்டா சீ.பி. 250. 1977க்குப் பின்னர் இலங்கையின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த காலத்தில் இத்தகைய பாவித்த வண்டிகள் நாட்டுக்குள் வரலாயின. வாப்பா அதனை 1981இல் வாங்கினார். அவர் நீர்ப்பாசனப் பகுதியிலே உத்தியோகம் பார்த்தவர். கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்களைப் பார்வையிடுவதற்குச் சம்மாந்துறைப் பக்கத்து வயல் வெளிகளிலெல்லாம் அந்த வண்டியிலேதான் அலைந்தார். 'ஸ்ரீ' எழுத்துத் தாங்கிய அதன் இலக்கத் தகடு இன்னும் அப்படியே இருக்கிறது.

2004 டிசம்பர் 26ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை. அன்று காலையிலே கடல் எழுந்து வந்தது. இலங்கையிலே எந்த மாவட்டத்திலும் பார்க்க அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மாண்டவர் தொகை 10,000க்கு மேல். எங்கள் வீட்டு மதிலும் முன் அறையும் போயின. உயிர்ச்சேதம் இல்லாதது அல்லாஹ்வின் கருணை. முற்றத்தில் நின்ற வண்டியை இரண்டு ஒழுங்கைகளுக்கு அப்பால், இடிந்த சுவரொன்றின் கீழே கண்டெடுத்தோம். ஊர் முழுவதும் மையித்துகளைத் தேடிக்கொண்டிருந்த நாள்களில் வண்டியை யார் பார்த்தார்! பல வாரங்கள் கழித்தே வாப்பா அதை நன்னீரால் கழுவி, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, எண்ணெயிட்டு மீண்டும் ஓடவைத்தார். 2016இல் அவர் காலமானதன் பின் வண்டி தார்ப்பாயின் கீழ் உறங்கியது.

அதைத் துயிலெழுப்பியவன் என் தங்கையின் மகன். ஒலுவிலிலே உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பவன். சாய்ந்தமருதிலிருந்து ஒலுவிலுக்கு நாள்தோறும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறான். வாகன இறக்குமதி 2020ஆம் ஆண்டிலே நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்திலே பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறிய ஏற்றத்தை நாடே அறியும். வீட்டிலே ஒரு வண்டி உறங்க, தான் பஸ்ஸுக்குக் காத்து நிற்பதாவது என்று மருமகன் எண்ணியதில் தவறில்லை. எனக்குக் கடிதம் போல நீண்ட செய்தி ஒன்று அனுப்பினான்: "மாமா, அப்பாட பைக்கை எனக்குத் தருவீங்களா?"

கேட்டது என்னிடம், தருவது என் பொறுப்பு. தந்துவிட்டபின் அந்தப் பிள்ளைக்கு நேர்வதும் என் பொறுப்புத்தானே! ஆகவே சென்ற ஜூலை மாதம், கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நாள்களில், ஊருக்குப் போனேன். நான் போவதற்குள் ஓரிடத்திலே வண்டியைப் பழுது பார்த்திருந்தார்கள். புதிய டயர், புதிய பற்றரி, கழுவிய காபுரேட்டர், பளபளவென்று துடைத்த தாங்கி. பிரேக் ஒயில் குறைந்திருந்ததென்று சிறிது ஊற்றியும் விட்டிருந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் பிரேக்குக்குச் செய்தது.

அன்று மாலை கல்முனைக் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வாப்பாவின் பின்னால் அமர்ந்து சென்ற சிறுவயது நினைவுகள் நெஞ்சை நிறைத்திருந்தன. வீதியையல்லாது நினைவுகளைப் பார்த்துக்கொண்டு சென்றேனென்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் ஒழுங்கையிலிருந்து, கிதாபுப் பையை மார்போடு அணைத்தபடி ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி வீதிக்கு இறங்கினாள். வலக்கை லீவரை இறுக்கினேன். அது பஞ்சு போல உள்ளே போயிற்று, வண்டி நிற்கவில்லை. பின் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி ஒருபக்கமாகச் சறுக்கி, அச்சிறுமிக்கு ஒரு முழம் முன்னே நின்றது. அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல வீதியைக் கடந்து போய்விட்டாள். கடை வாசலில் நின்ற பெரியவர், "பாத்துப் போங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் அங்கே நிகழ்ந்தது. ஆனால் என் கைநடுக்கம் நிற்க நெடுநேரம் பிடித்தது.

வண்டியை மீண்டும் தள்ள முயன்றபோது முன்சக்கரம் உருள மறுத்தது. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாத பிரேக், விட வேண்டிய நேரத்தில் விடவுமில்லை!

நம் ஊர்களிலே செய்தி மோட்டார் சைக்கிளை விட வேகமாகப் போகும். நான் வீட்டுக்கு வருமுன்பே உம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "வித்துப்போடு மகன்," என்றார். "வாப்பாட சாமான் எண்டு வெச்சிருந்தது போதும். ஒரு புள்ளைட உசிருக்குப் பதில் சொல்ல நம்மளால ஏலா." மருமகன் தலைகுனிந்து நின்றான். எனக்கும் விற்றுவிடலாம் என்றே தோன்றியது. ஆயினும், பழுதை அறியாமல் விற்றால் அதே ஆபத்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதல்லவா என்ற எண்ணமும் உறுத்தியது.

மறுநாட் காலை, வாப்பா உயிரோடிருந்த காலத்தில் வழக்கமாகப் போகும் கராஜுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம். கல்முனையின் மேற்குப் பக்கம், வயற்காற்று வீசும் ஓர் ஒழுங்கையிலே, வேப்பமர நிழலில் தகரக் கொட்டகை. அதன் உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். ஊரார் அவரைப் 'பாஸ்' என்பார்கள். நான் சிறுவயது முதல் 'காக்கா' என்றே அழைப்பவன். பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டார்.

வண்டியைக் கண்டதும் அவர் இயந்திரத்தை நோக்கவில்லை. லீவரை இறுக்கிப் பிடிக்கும்படி மருமகனிடம் கூறி, மேற்குழாயை இரண்டு விரல்களால் பற்றிக்கொண்டார். "இஞ்ச தொட்டுப் பாருங்க தம்பி" என்றார். தொட்டேன். லீவரை இறுக்குந்தோறும் குழாய் பாம்பின் வயிறு போலப் புடைத்தது, விட, அடங்கியது.

"கையால குடுக்கிற வலுவெல்லாம் இந்தக் குழாய்ட வயிறு ஊதுறதுக்கே போகுது. மறுகா சக்கரத்துக்கு என்ன போகும்?"

வாசகர்களிற் பலர் பிரேக்கின் உள்விவரம் அறியாதிருக்கலாம் என்பதால் சிறிது விளக்குகிறேன். பழைய ஆங்கில மோட்டார் சைக்கிள்களிலே கம்பியோ கோலோதான் கையின் வலுவைச் சக்கரத்துக்குக் கொண்டு சென்றது. கம்பி தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். இழையிழையாகப் பிரிந்து, அறுவதற்கு முன் எச்சரிக்கும். 1969ஆம் ஆண்டிலே வெளிவந்த ஹொண்டா சீ.பி. 750, திரவத்தால் இயங்கும் தட்டுப் பிரேக்கைத் தொழிற்சாலையிலே பெருந்தொகையாகச் செய்யப்படும் மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டு வந்தது. இந்த ஏற்பாட்டிலே லீவரின் அருகே ஒரு சிறிய பிஸ்டன், சக்கரத்தின் அருகே ஒரு பெரிய பிஸ்டன், இரண்டுக்குமிடையே திரவம் நிறைந்த குழாய். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திலே கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாய்ப் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டின் பஸ்கால் கண்ட விதி. பெரிய பிஸ்டனின் பரப்பு ஏழு மடங்கானால் விசையும் ஏழு மடங்காகும். இரண்டு விரல்களால் இறுக்கினாலே ஓடும் வண்டி நிற்பதன் இரகசியம் இதுதான்.

ஆனால் அந்த விதி குழாய் விரியாதிருக்கும் வரைதான் நமக்கு உதவும். றப்பர் முதுமையடைந்து தளர்ந்தால் அழுத்தம் குழாயிலேயே செலவாகிவிடுகிறது. இன்னொரு வினையும் உண்டு. சாதாரண பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுடையது. டொட் 4 எனும் தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. நூற்றுக்கு மூன்றே முக்கால் பங்களவு நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிட இடமுண்டு. உரசலால் தட்டுச் சூடேற, திரவத்திலுள்ள நீர் ஆவியாகும். ஆவியை எளிதில் நெருக்கிவிடலாம், திரவத்தை நெருக்க முடியாது. அப்போது லீவர் பஞ்சாகிவிடும். அதே நீர் உள்ளே துருவையும் பிடிக்கச் செய்கிறது. எங்கள் கடலோரத்திலோ வீட்டு ஜன்னற் கம்பியே சில வருஷங்களில் உரிந்து கொட்டுகிறது. அத்தகைய காற்றிலே ஒன்பது ஆண்டுகள் அசையாமல் நின்ற வண்டியின் கதியைச் சொல்ல வேண்டுமா?

காக்கா குழாய்களைக் கழற்றினார். லீவரின் அடியிலிருந்த ஆணி சுலபமாக வந்தது. கீழே, கலிப்பரின் பக்கத்திலிருந்தது அசையவில்லை. சூடு காட்டி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, தேநீர் குடித்து, மறுபடியும் சூடு காட்டி முற்பகல் முழுவதும் அதனோடு போராடினார். வெளிவந்த கீழ்க்குழாயைக் கத்தியால் நீளவாட்டிற் பிளந்து மேசை மேல் வைத்தார். வெளித்தோல் கறுகறுவென்று அழகாயிருந்தது. உட்புறமோ ஊதிப் பெருத்து, ஓர் ஊசி நுழையும் அளவு துவாரமே எஞ்சியிருந்தது. கையின் பலத்தால் திரவம் அதற்குள் எப்படியோ புகுந்து விடுகிறது. திரும்பி வருவதற்குத் தள்ளும் பலம் இல்லை; ஆகவே அங்கேயே தங்கிவிடுகிறது. முன்சக்கரம் பூட்டிக்கொண்டதன் காரணம் இதுவே.

"வெளியால பாத்தா மாப்பிள்ளை மாதிரி. உள்ளுக்க கிடக்கிறது ஆருக்குத் தெரியும்?" என்றார் காக்கா.

கலிப்பரின் பிஸ்டனிலே அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள். இரண்டு றப்பர்க் குழாய்களையும் இணைக்கும் இடத்துக்கும் கலிப்பருக்கும் இடையே ஒரு சிறிய உலோகக் குழாய் உண்டு. அதன் மேற்பூச்சு அப்படியே இருக்க, நகத்தாற் கீறியதும் பூச்சின் கீழே செந்நிறத் துரு பொடியாகக் கொட்டியது.

இப்போது எனக்குள் ஒரு வழக்கு எழுந்தது. பழைய வண்டி வைத்திருப்போர் இதனை அறிவார்கள். பழைய வண்டியின் பெருமையே அதன் அசல் உறுப்புகளில் இருக்கிறது என்பது ஒரு கட்சி. இருக்கை அசல், விளக்கு அசல், தாங்கியின் வர்ணம் அசல் என்று சொல்லிக்கொள்வதில் ஓர் இன்பம். சுனாமி நீரில் மூழ்கியெழுந்தும் மாற்றப்படாத குழாய் என்பது என் உள்ளத்திலே ஒருவகை நினைவுப் பொருளாகவும் இருந்தது. வாப்பாவின் விரல்கள் கழுவித் துடைத்த குழாயல்லவா? அதே அளவில், அதே தோற்றத்தில் கறுப்பு றப்பர்க் குழாய் கிடைக்குமா என்று காக்காவிடம் கேட்டேன்.

"கிடைக்கும். ஆனா கடையில எத்தின வருஷம் கிடந்ததெண்டு கேளுங்க. பழைய சாமானைப் புதுசு எண்டு விக்கிறவங்களும் இரிக்காங்க." பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். "தம்பி, வாப்பா அம்பது வருஷத்து டயரிலயா ஓடினவர்?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது! தேய்ந்த டயரை மாற்றியபோது எவரும் துக்கங் கொண்டாடவில்லை. குழாயும் தேய்ந்து தீரும் பொருளே. யமஹா நிறுவனத்தார் தம் கைநூல்களிலே இரண்டாண்டுக்கொருமுறை திரவத்தையும் நான்காண்டுக்கொருமுறை குழாயையும் மாற்றச் சொல்கிறார்கள். நம்மிலே எத்தனை பேர் மாற்றியிருக்கிறோம்? வண்டியின் வடிவத்தைக் காப்பது வேறு, ஆயுள் முடிந்த உறுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது வேறு. என் மட்டில் வழக்கு அத்துடன் தீர்ந்தது.

மாற்றுவதற்குத் தெரிந்தெடுத்தது துருவேறா உருக்கு இழைகளால் பின்னி மூடப்பட்ட குழாய். உள்ளே றப்பருக்குப் பதிலாக டெப்லோன் எனும் வழுவழுப்பான பொருளாலான நாளம். வெளியே உருக்குப் பின்னல் அதை விரியவிடாது கவசம் போல் இறுகப் பிடிக்கிறது. பின்னல் பெயிண்டையும் கம்பிகளையும் அரத்தைப் போல உராய்ந்து தின்றுவிடும் என்பதால், அதன் மேல் ஒளி ஊடுருவும் உறை போட்டதாக வாங்கினோம். கொழும்புப் பஞ்சிகாவத்தையிலே பழைய உதிரிப்பாகங்களைத் தேடியலையும் நண்பர் ஒருவர் அளவெடுத்து அனுப்பினார். வந்து சேர ஐந்து நாள்.

அந்த ஐந்து நாளில் மருமகனுக்குப் பொறுமை போய்விட்டது. உழவு இயந்திரங்களுக்கும் அறுவடை இயந்திரங்களுக்கும் குழாய் அழுத்திக் கொடுக்கும் கடைகள் நெல் விளையும் இப்பகுதியில் உண்டு. அவற்றிலொன்றிலே விசாரித்து, "அரை மணித்தியாலத்தில செஞ்சு தருவாங்களாம் மாமா, இதைவிட நாலு மடங்கு பலமாம்!" என்று ஓடி வந்தான். காக்கா சிரித்தார், ஆனால் விடையைக் கடுமையாகவே சொன்னார். அக்குழாய்கள் கனிய எண்ணெய்க்கென்று செய்யப்பட்டவை. அவற்றின் உட்புறத்து றப்பரைப் பிரேக் ஒயில் ஊதச் செய்துவிடும். எதிர்ப்பக்கமாக, கனிய எண்ணெயைப் பிரேக்கில் ஊற்றினால் பிரேக்கின் றப்பர் முத்திரைகள் வீங்கிக் கெட்டுவிடும். பலம் வேறு, பொருத்தம் வேறு. இதை எழுதுவதன் நோக்கம், நமது கிராமப்புறங்களிலே இந்தத் தவறு எளிதாக நடக்கக்கூடியது என்பதே. டொட் 5 என்று பெயரிட்ட சிலிக்கோன் திரவத்தையும் மற்றவற்றோடு கலக்கலாகாது.

குழாய்கள் வந்த நாள் நான் காலை முதல் அந்தக் கொட்டகையிலேயே இருந்தேன். உலோகக் குழாய்க்குப் பதிலாகச் செம்பும் நிக்கலும் கலந்த குழாய்த் துண்டொன்றைக் காக்கா வளைத்தார். உப்புக் காற்றை அது தாங்கும். அதன் ஓரத்தை லொறிகளுக்குச் செய்வதுபோல இருமுறை மடித்து விரித்தார். முதலாவது ஓரம் சிறிது கோணிவிட்டது. எவர் கண்ணுக்கும் தெரியாத கோணல். அதை வெட்டியெறிந்துவிட்டு மறுபடி செய்தார். கலிப்பருக்குப் புதிய பிஸ்டன், புதிய முத்திரைகள். ஒவ்வோர் இணைப்பிலும் இருபுறமும் புதிய செப்பு வாஷர்கள். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கியது, அது மறுபடியும் கசிவைத் தடுக்குமென்று நம்பலாகாது. ஒரே நீளக் குழாயாகப் போட்டால் அழகாயிருக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். நடுவிலுள்ள இணைப்பிலேதான் பின்விளக்கை எரியச் செய்யும் விசை இருக்கிறது. அதை நீக்கினால் பின்னால் வரும் பஸ்காரனுக்கு நாம் நிற்பது எப்படித் தெரியும் என்று கேட்டு, அந்த யோசனையையும் மறுத்துவிட்டார்.

மாட்டியதும் கைப்பிடியை ஒருபுறக் கடைசிவரை திருப்பி, மறுபுறக் கடைசிவரை திருப்பி, முன்பக்கத்தை அமுக்கியும் தூக்கியும் பார்த்தார். எந்த நிலையிலும் குழாய் இழுபடவோ எங்கேனும் உரசவோ கூடாது. பிறகு காற்றை வெளியேற்றும் வேலை. கலிப்பரின் முலையாணியிலே தெளிவான சிறு குழாயைச் செருகி, மறுமுனையைத் திரவம் விட்ட போத்தலில் அமிழ்த்தி வைத்தார்கள். மருமகன் லீவரை இறுக்கிப் பிடிப்பான். காக்கா ஆணியைத் தளர்த்துவார். குமிழிகளோடு திரவம் வெளியேறும். ஆணியை மூடியபின் லீவரை விடுவான். மேலே கிண்ணம் வற்றிவிடாமல் நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு துளி தாங்கியின் மேல் விழவிருந்தது. காக்கா ஒரு வாளித் தண்ணீரை முன்கூட்டியே அருகில் வைத்திருந்தார். அத்திரவம் வர்ணத்தை உரித்துவிடுமாம். லுஹர்த் தொழுகைக்குப் போய் வந்த பின்பும் குமிழி வந்துகொண்டிருந்தது. மாலையில், எஞ்சிய காற்று மேலே ஏறட்டும் என்று லீவரைக் கைப்பிடியோடு கயிற்றாற் கட்டி, இரவு முழுவதும் அப்படியே விட்டார்.

காலையில் கயிற்றை அவிழ்த்து லீவரைப் பிடித்தேன். ஓர் அங்குலம் வந்து, மரக்கட்டை போல நின்றது.

முதலில் காக்காவே ஓடிப் பார்த்தார். ஆளற்ற வயற்பாதையிலே மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்தினார். பிறகு முன்சக்கரத் தட்டின் அருகே கையை நீட்டி வெப்பம் பார்த்து, ஒவ்வோர் இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். துணி உலர்ந்தே இருந்தது. இனி ஓட்டலாமென்றார். கூலி கேட்டபோது, வாப்பாவின் கணக்கிலே பழைய பாக்கி ஒன்று தனக்கு இருப்பதாகச் சொல்லி, சாமான்களின் விலையை மட்டுமே வாங்கினார். என்ன பாக்கி என்பதைக் கடைசிவரை சொல்லவில்லை.

அன்று பின்னேரம் மருமகன் ஓட்ட, நான் பின்னால் அமர்ந்தேன். மாளிகைக்காடு, சுவாமி விபுலானந்தர் 1892இலே பிறந்த காரைதீவு, நிந்தவூர். ஒரு காலத்தில் நான் வாப்பாவின் பின்னால் இருந்து பார்த்த வீதி, இப்போது அவருடைய பேரனின் தோளுக்கு மேலாகத் தெரிந்தது. நிந்தவூரைத் தாண்டியதும் வீடுகள் விலகி, வயல்வெளி திறந்துகொண்டது. அங்கேதான் இளைஞர்களுக்குக் கை முறுக்கத் தோன்றும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திலே ஒரு வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் கடந்துவிடும் என்று முதல் நாள் இரவு அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். கணக்கு நினைவிருந்ததோ, நான் பின்னாலிருந்ததோ, மெதுவாகவே போனான்.

களியோடைப் பாலத்தை அணுகும்போது, வீதியோரப் புல்லிலே நின்ற எருமையொன்று எந்த முன்னறிவிப்புமின்றி நடு வீதிக்கு வந்து நின்றது. என் கால் தானாகவே இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது. வண்டியோ சறுக்கவில்லை, கோணவில்லை. தலையைச் சற்றே தாழ்த்தி, நேராக நின்றது. எருமைக்கும் எங்களுக்கும் இடையே இன்னொரு மோட்டார் சைக்கிள் நிற்குமளவு இடம் இருந்தது. மருமகன் லீவரை விட்டு, காலால் வண்டியைச் சிறிது பின்னே தள்ளிப் பார்த்தான். முன்சக்கரம் தடையின்றி உருண்டது. அவன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. எருமை தனக்கு வேண்டிய நேரம் நின்றுவிட்டுப் போயிற்று.

ஒலுவிலில் பல்கலைக்கழக வாசலைக் கடந்து வெளிச்சவீடு வரை சென்றோம். 2013இலே திறக்கப்பட்ட துறைமுகத்தின் பாரிய கல்லணைகளும், அலை தின்றுகொண்டிருக்கும் கரையும், வேரோடு சாய்ந்த தென்னைகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அக்கரையின் கதையைத் தனியே ஒரு நாள் எழுத வேண்டும். வண்டியைக் காற்றுக்கு ஒதுக்கமாக நிறுத்தினோம். வீடு திரும்பியதும் முதற்காரியமாக நன்னீர் ஊற்றிக் கழுவித் துடைக்க வேண்டுமென்று காக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவ்வாறே செய்தோம். உம்மா வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். விற்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "ராவைக்கு ஓடாத" என்று மாத்திரம் பேரனிடம் சொன்னார்.

மறுநாள் நான் கொழும்புக்குத் திரும்புமுன், காக்காவுக்குக் கொடுக்கும்படி உம்மா ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கி வைத்திருந்தார். மருமகன் அதை உறியோடு கைப்பிடியிலே தொங்கவிட்டுக்கொண்டு போனான். சட்டியை வாங்கிக்கொண்ட கையோடு காக்கா அவனைத் திட்டித் தீர்த்தாராம். கைப்பிடியில் எதையாவது தொங்கவிட்டால் குழாயில் உராயும் என்று தெரியாதா, படிக்கிற பிள்ளைக்கு இது கூடவா சொல்லித் தர வேண்டும் என்று.